அழுத்துதகட்டின் பிரச்சினை

கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதம், சினிமா நோட்டீசு, பள்ளிக்கூடத்து வினாத்தாள், மளிகைக் கடையின் பில் புத்தகம் ஆகிய இவையெல்லாம் நம் சிற்றூர்களில் வெகுகாலம் எந்த யந்திரத்தில் அச்சாகி வந்தனவோ, அந்த யந்திரத்துக்கு ‘டிரெடில்’ என்று பெயர். காலால் மிதித்து ஓட்டும் கட்டையைக் குறிக்கும் சொல் அது. மோட்டார் வந்து மிதிகட்டையைக் கழற்றி மூலையில் போட்ட பிறகும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஆனால் அந்த யந்திரத்தில் காரியத்தை நடத்துவது, காகிதத்தைத் தன் மார்பில் தாங்கிக்கொண்டு போய், மை பூசிய ஈய எழுத்தின்மேல் ஒரு கணம் அழுத்திவிட்டுத் திரும்புகிற, கனத்த, தட்டையான ஓர் இரும்புத் தகடேயாகும். ஆங்கிலேயர் அதைப் பிளாட்டன் என்பர். ஜெர்மானியரோ தகட்டுக்கு வழங்கும் ‘டீகல்’ என்ற சொல்லையே யந்திரத்துக்கும் பெயராக வழங்குகின்றனர். நம் அச்சுக்கூடங்களில் மிதிகட்டைக்குக் கிடைத்த கௌரவம் தகட்டுக்குக் கிடைக்கவில்லை. ஆகையால் அதை இங்கே ‘அழுத்துதகடு’ என்று சொல்லிக்கொண்டு மேலே செல்கிறேன்.

அச்சுத் தொழிலோடு மட்டும் நின்றுவிடும் பொருளன்று இது. செருப்பின் ரப்பர் அடியைப் பதப்படுத்துவதும், ஒட்டுப்பலகையை ஒட்டுவதும், பிளாஸ்டிக் வாளியை வார்க்கும் யந்திரத்தில் வார்ப்பச்சின் இரு பாதிகளையும் பிரியாமல் பிடித்துக்கொள்வதும், அட்டைப்பெட்டிக்குரிய அட்டையை வெட்டி மடிப்புக்கோடு இடுவதும் இந்தத் தகட்டின் வேலைகளே. இத்தனை தொழில்களிலும் அதற்கு முன்னால் நிற்கும் பிரச்சினை ஒன்றுதான்: ஒரு பரப்பின்மேல் எல்லா இடத்திலும், ஒரே சமயத்தில், ஒரே அளவாக அழுத்துவது எப்படி? கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்தக் கேள்விக்கு ஐந்து நூற்றாண்டுகளாகத் தச்சரும் கருமாரும் பிரபுக்களும் பொறியியல் அறிஞரும் விடை தேடி வந்திருக்கின்றனர். அந்த விடைகளை ஒருங்கே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் உத்தேசம்.

ஒரு பொருளின்மேல் இன்னொன்றை அழுத்திப் பதிப்பதற்கு மூன்று மார்க்கங்கள் உண்டு. தேய்ப்பது முதலாவது. சீன தேசத்தில் மரப்பலகையில் எழுத்தைச் செதுக்கி, மை தடவி, தாளை விரித்து, அதன் முதுகில் தூரிகையால் மெல்லத் தேய்த்து அச்சிட்டனர். அங்கே அழுத்தம் புள்ளி புள்ளியாக நகர்ந்து செல்கிறது, கை எங்கே போதாதென்று காண்கிறதோ அங்கே இன்னொரு முறை தேய்த்துக்கொள்ளலாம். உருட்டுவது இரண்டாவது, உருளை தொடும் ஒரு கோட்டில் மட்டுமே அந்தந்தக் கணத்தில் அழுத்தம் விழும். மூன்றாவதாகிய தகட்டு மார்க்கத்தில் முழுப் பரப்பும் ஒரே கணத்தில் அழுத்தப்படுகிறது. பிழை இருந்தால் அதுவும் அந்தக் கணத்திலேயே பதிந்துவிடுகிறது. மூன்றிலும் அதிக பலத்தை வேண்டுவதும், அதிக நேர்த்தியை வேண்டுவதும் இதுவே. தகட்டின் நீள அகலங்களை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். முன்போல் அழுத்த வேண்டுமானால் பலமும் நான்கு மடங்காக வேண்டும். இந்தச் சின்னக் கணக்குத்தான் பழைய அச்சுயந்திரத்தின் உருவத்தையே நிர்ணயித்தது.

மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் 1455ஆம் ஆண்டையொட்டித் தம் வேதாகமத்தை அச்சிட்டு முடித்தபோது, அவருக்கு முன்மாதிரியாக இருந்தவை திராட்சை பிழியவும் துணி அழுத்தவும் ஐரோப்பாவில் வழங்கிய மரத் திருகு அழுத்திகள் என்பது பொதுவான கொள்கை. பெரிய மரச்சட்டம்; நடுவே செங்குத்தான திருகு; திருகின் நுனியில் தொங்கும் தட்டையான பலகை; பக்கவாட்டில் ஒரு நீண்ட பிடி. பிடியை இழுத்தால் திருகு சுற்றி இறங்கும், பலகை தாளின்மேல் அமரும். ஆனால் மரத்தின் வலிவும் மனிதன் தோளின் வலிவும் சேர்ந்து கொடுக்கக்கூடிய பலம் ஒரு முழுத் தாளைப் பதிக்கப் போதவில்லை. அதற்கு அக்காலத்தார் கண்ட பரிகாரம், பலகையை, கோத்து அடுக்கிய எழுத்துத் தொகுதியாகிய அச்சுப் பாரத்தில் பாதி அளவாகச் செய்துகொள்வது. பாரத்தைத் தாங்கிய வண்டியைப் பாதி தூரம் உள்ளே தள்ளி ஒரு முறை இழுப்பார்கள். மீதியையும் தள்ளி மறுமுறை இழுப்பார்கள். ஒரு தாளின் ஒரு புறத்துக்கு இரண்டு இழுப்பு. இரண்டு ஆட்கள் நின்று செய்தால் மணிக்கு ஏறத்தாழ 250 தாள் என்பது அக்காலத்துக் கணக்கு. பரப்பைக் குறைத்துக்கொள் என்பதே பிரச்சினைக்கு மனிதன் கண்ட முதல் விடை.

இத்தகைய அச்சு யந்திரங்களே பாரத தேசத்துக்கும் வந்தவை. 1556இல் கோவாவில் இறங்கிய யந்திரமும், 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற பதினாறு பக்கத் தமிழ் நூலை அச்சிட்டுத் தந்த யந்திரமும், 1713 முதல் தரங்கம்பாடியில் பாதிரியார் சீகன்பால்குவின் மேற்பார்வையில் தமிழ் நூல்களை அச்சிட்ட யந்திரமும் கையால் இழுக்கும் காலத்தைச் சேர்ந்தவை. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது ஆளுநர் மாளிகையிலிருந்த அச்சு யந்திரம் ஒன்றும் கொள்ளைப் பொருளோடு பொருளாகச் சென்னைக்கு வந்து, வேப்பேரியில் பப்ரிசியுஸ் பாதிரியாரின் கையில் சேர்ந்தது. யுத்தத்தில் பீரங்கியோடு ஓர் அழுத்துபலகையும் கைமாறியதென்ற செய்தி, அந்நாளில் அந்தச் சாதனத்துக்கிருந்த மதிப்பைப் பிரத்தியட்சமாகக் காட்டுகிறது.

இந்த மரயந்திரங்களில் பலகை எவ்வளவு நேர்த்தியாக இழைக்கப்பட்டிருந்தாலும், மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். அதை அறிந்துதான் பலகைக்கும் தாளுக்கும் இடையே கம்பளித் துணியை வைத்து, அதைத் தோல் பொதிந்த சட்டங்களுக்குள் அடக்கினார்கள். மேடுபள்ளங்களைக் கம்பளி விழுங்கிக்கொண்டது. ஆனால் மென்மையான பொருளை இடையில் வைத்தால் எழுத்து தாளுக்குள் ஆழமாகப் புதையும், விளிம்புகள் தடிக்கும். பழைய நூல்களை விரித்து, தாளின் பின்புறத்தை விரலால் தடவினால் எழுத்துக்களின் புடைப்பு இன்றும் உணரப்படுவதற்குக் காரணம் இதுவே. மெத்தென்று வைத்தால் எல்லா எழுத்தும் விழும், ஆனால் கூர்மை போகும்; கெட்டியாக வைத்தால் கூர்மை வரும், ஆனால் சில எழுத்து விழாது. இந்த இருதலைத் துன்பம் தகட்டோடு கூடப் பிறந்தது.

இரும்பின் வரவு நிலைமையை மாற்றிற்று. 1800ஐ ஒட்டி இங்கிலாந்தில் மூன்றாவது ஸ்டான்ஹோப் பிரபு, சட்டம் முழுவதையும் வார்ப்பிரும்பில் அமைத்து, திருகோடு கூட்டு நெம்புகோலை இணைத்து, முழுப் பாரத்தையும் ஒரே இழுப்பில் அழுத்தும் யந்திரத்தைச் செய்வித்தார். அதற்கு அவர் காப்புரிமை வாங்கிக்கொள்ளவில்லை என்பதைப் போற்றிச் சொல்லவேண்டும். வேண்டியவர் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 1813இல் பிலடெல்பியாவில் ஜார்ஜ் கிளைமர் திருகையே நீக்கிவிட்டு, நெம்புகோல்களை மட்டும் கொண்டு கொலம்பியன் யந்திரத்தை உருவாக்கினார். ஒவ்வோர் இழுப்புக்கும் அதன் உச்சியில் இரும்புக் கழுகு ஒன்று எழுந்து தாழும், அதுவே எதிர் எடை. 1820 அளவில் லண்டனில் கோப் என்பவர் செய்த ஆல்பியன், அதைவிட எளிமையானது. மடங்கிய முழங்கால் நிமிர்வதுபோல், சாய்ந்து கிடக்கும் ஓர் எஃகுத் துண்டு செங்குத்தாக நிமிர்கையில் தகடு கீழே தள்ளப்படும்.

இந்த முழங்கால் மூட்டைப் பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்வது அவசியம். மூட்டு நன்றாக மடங்கியிருக்கும்போது, கை சிறிது அசைந்தால் தகடு அதிக தூரம் நகரும். ஆனால் பலம் குறைவு. மூட்டு நேராகும் நிலையை நெருங்க நெருங்க, கை எவ்வளவு அசைந்தாலும் தகடு நகர்வது மயிரிழையளவாகிவிடும். பலமோ பன்மடங்கு பெருகும். அச்சுக்கு வேண்டியதும் இதுவேயல்லவா? தாளைத் தொடும்வரை வேகம் வேண்டும். தொட்டபின் பலம் வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு இன்று பிளாஸ்டிக் வார்ப்பு யந்திரங்களில் நூற்றுக்கணக்கான டன் பலத்தோடு வார்ப்பச்சைப் பூட்டி நிறுத்துவதும் இதே மூட்டுத்தான். கோப்பின் காலத்து அச்சுத் தொழிலாளி இன்றைய தொழிற்சாலைக்குள் வந்தால், அந்த ஓர் உறுப்பையாவது பழைய சிநேகிதனைப்போல் அடையாளம் கண்டுகொள்வார்.

தகட்டுக்குப் போட்டியாக உருளை வந்ததையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1814 நவம்பர் 29ஆம் நாள் லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகை, கோனிக் என்ற ஜெர்மானியர் செய்த நீராவி உருளை யந்திரத்தில், மணிக்கு 1100 தாள் என்ற வேகத்தில் அச்சாகி வெளிவந்தது. ஒரு கணத்தில் ஒரு கோட்டை மட்டும் அழுத்தினால் போதும் என்பதால், பெரிய தாளுக்குப் பெரிய பலம் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து பத்திரிகை அச்சில் தகட்டின் ஆதிக்கம் தளரத் தொடங்கியது. எனினும் சிறு வேலைகளில் தகடு மறுபிறவி எடுத்தது. நியூயார்க்கில் ஜார்ஜ் கார்டன் 1851 முதல் காப்புரிமை பெற்றுவந்த யந்திரத்தில், படுத்துக் கிடந்த எழுத்துப் படுகை எழுந்து நின்றது. அதற்கு எதிரே தகடும் நின்றது. கீழ்முனை கீலாக இருக்க, இரண்டும் சிப்பியின் இரு ஓடுகள்போல் மூடித் திறந்தன. பெஞ்சமின் பிராங்க்ளின் கனவில் தோன்றி இதன் அமைப்பை உரைத்ததாகக் கார்டன் சொல்லிவந்தார் என்பது அச்சுலகில் வழங்கும் வரலாறு. நம் ஊர் டிரெடில்கள் பெரும்பாலும் இந்த வம்சத்தவை.

சிப்பிபோல் மூடும் அமைப்பில் இயற்கையான ஒரு குறை உண்டு. தகடும் படுகையும் ஒன்றுக்கொன்று சரியாக இணையாக நிற்பது, இடையே குறிப்பிட்ட ஒரு கனம் இருக்கும்போது மட்டுந்தான். தகட்டின்மேல் காகிதப் பேக்கிங் ஒரு தாள் அதிகமானாலும் கீல் உள்ள கீழ்ப்பக்கம் முதலில் தொடும், அங்கே எழுத்து கனக்கும்; குறைந்தால் மேல்பக்கம் கனக்கும். அமெரிக்காவில் மெரிட் காலி என்பவர் 1869இல், தகட்டை முதலில் நிமிர்த்தி நிறுத்தி, பிறகு எழுத்தை நோக்கி நேராக நகர்த்தும் யந்திரத்தைச் செய்து இந்தக் குறையைப் போக்கினார். அது கனத்தது, விலை கூடியது. எளியவர்கள் கார்டன் வம்சத்து யந்திரத்தையே வாங்கி, அதன் குறையைக் கைத்திறனால் ஈடு செய்துகொண்டார்கள். ஹைடல்பர்க் கம்பெனி 1914இல் லைப்சிக் கண்காட்சியில் காட்டிய யந்திரத்தின் வழிவந்தது, காற்றாடிபோல் சுழலும் இரு கைகளால் தாளைத் தானே எடுத்து வைத்து மணிக்கு 5000 வரை அச்சிடும் யந்திரம். தகட்டு அச்சின் உச்சம் அதுவென்று நான் கருதுகிறேன். 1985 வரையில் அதன் உற்பத்தி நடந்தது.

கைத்திறன் என்றேன், அது இன்னதென்று ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தாலொழிய விளங்காது. நான் பள்ளியில் படித்த காலத்தில், எங்கள் தெருமுனையிலிருந்த சிறிய அச்சுக்கூடத்தின் வாசலில் மாலைநேரங்களில் நின்று வேடிக்கை பார்ப்பேன். மெஷின்மேன் பாரத்தைச் சேஸ் என்ற இரும்புச் சட்டத்தில் முடுக்கி யந்திரத்தில் ஏற்றி, ஒரு தாளை ஓட்டி எடுப்பார். எடுத்த தாளின் முகத்தை அவர் பார்க்கமாட்டார், முதுகைத்தான் பார்ப்பார். ஜன்னலோரம் சென்று, வெளிச்சம் சாய்வாக விழும்படி தாளைப் பிடித்து, எங்கே புடைப்பு அதிகம், எங்கே இல்லவே இல்லை என்று கண்டு, நீலப் பென்சிலால் வளையமிடுவார். பிறகு மைதாப் பசையை விரல்நுனியில் தொட்டு, வளையத்தின் அளவுக்குக் கிழித்த டிஷ்யூ காகிதத்தை ஒட்டுவார். புது எழுத்துக்கும் தேய்ந்த எழுத்துக்கும் உயரத்தில் வித்தியாசம். படத்துக்குரிய பிளாக்கின் கறுத்த பகுதிக்கு அழுத்தம் கூடுதலாக வேண்டும், மெல்லிய கோட்டுக்குக் குறைவாக வேண்டும். ஒட்டிய தாளை மேல்தாளுக்கு அடியில் செருகி, மறுபடி ஓட்டி, மறுபடி முதுகைப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை ஒன்றுக்கு இப்படி மூன்று முறையோ நான்கு முறையோ நடக்கும். “தகடு நேரா இருந்தா போதுமா தம்பி, எழுத்து நேரா இருக்கணுமே” என்று அவர் ஒருநாள் என்னிடம் சொன்னார். இந்த வேலைக்கு ‘மேக்ரெடி’ என்று பெயர். தலைமயிரின் பருமனில் பாதிகூட இல்லாத ஒரு காகிதத் துணுக்கு, பத்து மனிதர் கூடித் தூக்கவேண்டிய யந்திரத்தின் பிழையைத் திருத்தியது.

அதே அச்சுக்கூடத்தில் இன்னொன்றையும் கண்டேன். தாளை இட்டு எடுக்கும் பையன் ஒருவனுக்கு வலக்கையில் இரண்டு விரல் இல்லை. தகடு மூடுவதற்கும் திறப்பதற்கும் இடையே தாளை வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். கோணலாகப் போன தாளைச் சரிசெய்ய ஒரு கணம் தாமதித்ததால் வந்த வினை. அழுத்தத்தை நிறுத்தும் நெம்புகோல் இடப்பக்கம் இருந்தும், அந்தக் கணத்தில் கை அங்கே போகவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், யந்திரத்தின் அபாயமான பாகங்களைப் பத்திரமாக வேலியிட்டு வைக்கவேண்டுமென்று இருபத்தொன்றாம் பிரிவில் விதித்தது. ஆனால் தெருமுனை அச்சுக்கூடங்கள் பல, சட்டம் கணக்கில் கொண்ட ஆள்தொகையை எட்டாதவை. இரு கைகளாலும் இரண்டு பொத்தானை ஒருசேர அழுத்தினாலன்றித் தகடு நகராது என்ற ஏற்பாடும், விரல் குறுக்கிட்டால் யந்திரத்தை நிறுத்திவிடும் ஒளித்திரையும் இக்காலத்து அழுத்திகளில் வந்திருக்கின்றன. தகட்டு யந்திரங்களில் நிகழ்ந்த அபிவிருத்திகளில் இவற்றையே தலையாயவையென நான் மதிக்கிறேன்.

இனி அச்சை விட்டுத் தொழிற்சாலைக்குள் செல்வோம். அங்கே தகட்டுக்குப் பலம் தந்தவர் ஜோசப் பிராமா. அடைபட்ட நீரின்மேல் ஓரிடத்தில் செலுத்தும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று பாஸ்கல் கண்ட தத்துவத்தைக் கொண்டு, அவர் 1795இல் நீரழுத்த யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். சிறிய குழாயில் ஒரு மடங்கு தள்ளினால், நூறு மடங்கு பரப்புள்ள பெரிய உருளை நூறு மடங்கு பலத்தோடு எழும். நீர் கசியாமல் தடுக்கும் தோல் வளையத்தை, அவரிடம் பணிபுரிந்த ஹென்றி மாட்ஸ்லே அமைத்துத் தந்தார் என்பர். பலப் பஞ்சம் அத்துடன் தீர்ந்தது. ஆனால் பலம் கூடியதும் பழைய நோய் வேறு உருவில் தலைகாட்டிற்று: தகடு வளையத் தொடங்கியது.

இரும்பு வளையுமா என்று கேட்பவர்கள் உண்டு. வளையாத பொருள் உலகில் இல்லை. தாங்கும் இடங்களுக்கு இடைப்பட்ட தூரம் இரட்டித்தால், ஒரே அழுத்தத்தில் தகட்டின் வளைவு பதினாறு மடங்காகும். கனத்தை இரட்டித்தால் வளைவு எட்டில் ஒன்றாகக் குறையும். அகலம் கூடும்போது வரும் கேட்டைக் கனம் கூட்டித் தீர்ப்பது எவ்வளவு செலவான காரியம் என்பது இதிலிருந்து விளங்கும். பிளாஸ்டிக் வார்ப்பில், பத்துச் சென்டிமீட்டர் நீளமும் அவ்வளவே அகலமும் உள்ள ஒரு சின்ன மூடிக்குள் உருகிய பிளாஸ்டிக் சதுர சென்டிமீட்டருக்கு 300 கிலோ அழுத்தத்தோடு பாய்ந்தால், அச்சைப் பிளக்கப் பார்க்கும் பலம் 30 டன். அந்தச் சிறிய அச்சை மிகப் பெரிய தகட்டின் நடுவில் கொண்டுபோய்ப் பூட்டினால், தகடு அதன்மேல் கிண்ணம்போல் வளையும்; அச்சின் நடுப்பகுதி லேசாகத் திறந்துகொண்டு, மூடியின் ஓரத்தில் பிசிறு வரும். பிசிறைக் கண்டதும் அநுபவமில்லாதவர் பலத்தைக் கூட்டுவார். தகடு இன்னும் வளையும், பிசிறு இன்னும் வரும். நான்கு மூலையிலும் தகடுகளைப் பிணைத்திருக்கும் கம்பிகளுள் ஒன்று மற்றவற்றைவிடச் சற்று அதிகமாக இழுபட்டாலும் இணைத்தன்மை கெடும்; நாளடைவில் அந்தக் கம்பியே முறியும்.

ரப்பரிலும் ஒட்டுப்பலகையிலும் அழுத்தத்தோடு வெப்பமும் சேர்கிறது. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் அதன் பிசுபிசுப்பு நீங்கி உறுதிப்படும் என்று சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டது முதல், சூடான தகடுகளுக்கு இடையே ரப்பரை வைத்து அழுத்துவது ஒரு பெருந்தொழிலாயிற்று. தகட்டின் உடலுக்குள் நீண்ட துளைகளிட்டு, அவற்றில் நீராவியோ, சூடான எண்ணெயோ, மின்கம்பியோ செலுத்துவார்கள். தகட்டின் ஓரங்கள் காற்றுக்கு வெப்பத்தை இழப்பதால் நடுவைவிடச் சூடு குறையும். அதற்காக ஓரங்களில் துளைகளை நெருக்கமாக இடுவதுண்டு. ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுத் தகடு சாதாரண நிலையிலிருந்து 150 பாகை வரை சூடேறினால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். ஒரு முகம் சூடாகவும் மறுமுகம் குளிர்ந்தும் இருந்தால் தகடு வில்லாகும். அதனால் தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே வெப்பம் கடவாத பலகை ஒன்றை வைப்பர். ஹவாய்ச் செருப்புக்குரிய ரப்பர்த் தாளைச் செய்யும் அழுத்தியின் முன் நின்றவர்கள் ஒரு காட்சியை மறக்கமாட்டார்கள். குறித்த நிமிடங்கள் கழிந்து தகடுகள் விலகும் அந்தக் கணத்தில், உள்ளே சிறைப்பட்டிருந்த வாயு விரிந்து, தாள் அச்சைவிடப் பெரியதாகத் துள்ளி வெளியே வந்து விழும்.

ஒட்டுப்பலகைத் தொழிலில் கண்ட ஒரு யுக்தி எனக்கு மிகவும் பிரியமானது. எட்டடிக்கு நாலடிப் பலகை ஒன்றைச் சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக் கிலோ வீதம் அழுத்த ஏறத்தாழ 300 டன் வேண்டும். பத்துப் பலகைக்கு 3000 டன் வேண்டுமென்று தோன்றும், ஆனால் வேண்டியதில்லை. சூடான தகடுகளை அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு பலகையைச் செருகி, அடியிலிருந்து அதே 300 டன்னால் தூக்கினால் போதும். ஒரு பலகையை அழுத்திய பலமே தகட்டின் வழியாக அடுத்ததற்கும் போய்ச் சேர்கிறது. பரப்பைக் குறைத்துக்கொண்ட பழைய மரயந்திரக்காரரின் விடைக்கு நேர் எதிராக, பலத்தைக் கூட்டாமலே பரப்பைப் பெருக்கிக்கொண்ட விடை இது.

இவையெல்லாவற்றுக்கும் அடிப்படையில், தட்டையான தகடு என்ற பொருளே முதலில் எங்கிருந்து வந்தது என்ற வினா இருக்கிறது. நேர்கோல் ஒன்றைக் கொண்டு சோதித்தால், அந்தக் கோல் நேரென்று யார் சொன்னது? இதற்கு 1840இல் கிளாஸ்கோ நகரில் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கத்தில் ஜோசப் விட்வொர்த் விளக்கிய முறை, மனிதபுத்தியின் அழகான சாதனைகளுள் ஒன்றென்பது என் அபிப்பிராயம். இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி சுரண்டினால், இரண்டும் தட்டையாகத்தான் இருக்கவேண்டுமென்பதில்லை. ஒன்று குவிந்தும் மற்றது குழிந்தும் இருந்தாலும் பொருந்திவிடும். ஆகவே மூன்று தகடுகளை எடுத்துக்கொள்ளவேண்டும். முதலாவதை இரண்டாவதோடும், இரண்டாவதை மூன்றாவதோடும், மூன்றாவதை முதலாவதோடும் மாறி மாறிப் பொருத்திச் சுரண்டிக்கொண்டே போனால், குவிவுக்கும் குழிவுக்கும் இடமில்லாமற்போகிறது. மூன்றும் எந்த இணையிலும் பொருந்துவது மூன்றும் சமதளமாக இருந்தால் மட்டுமே கூடும். ஒன்றில் சாயத்தை மெல்லப் பூசி மற்றதை அதன்மேல் வைத்தெடுத்தால் மேடான இடங்களில் மட்டும் சாயம் ஒட்டும். அந்தப் புள்ளிகளை உளியால் சுரண்டி நீக்கவேண்டும். முதலில் நாலைந்து பெரிய புள்ளிகளாகத் தெரிவது, நாட்கணக்கில் சுரண்டியபின் பரப்பெங்கும் நெருக்கமாகத் தூவிய பொட்டுக்களாகும். கையின் சூடு பட்டாலும் தகடு சிறிது புடைக்குமாதலால், நல்ல தொழிலாளி சற்று நேரம் ஆறவிட்டே அடுத்த முறை பொருத்துவார். முன்மாதிரி ஏதும் இல்லாமல், அளவுகோல் ஏதும் இல்லாமல், மூன்று கோணல் தகடுகளிலிருந்து நேர்மை பிறக்கிறது. உலகத்து யந்திரசாலைகளில் கிடக்கும் சமதளங்களின் வம்சாவளியை நாம் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், இத்தகைய மூன்று தகடுகளிலும், அவற்றைச் சுரண்டிய கைகளிலும் போய் முடியக்காண்போம்.

பரப்பைக் குறைப்பது, பலத்தைக் கூட்டுவது, தகட்டைத் தடிமனாக்குவது, தளத்தைச் சுரண்டித் திருத்துவது ஆகிய இத்தனை விடைகளுக்குப் பிறகும், கடைசியில் தகட்டுக்கும் பொருளுக்கும் இடையே மெல்லியதாக ஏதாவதொன்றை வைத்துச் சரிக்கட்டாத தொழில் ஒன்றையும் நான் காணவில்லை. அதை யந்திரத்தின் தோல்வியாகக் கருதும் பொறியியல் நூல்கள் உண்டு. எனக்கு அக்கருத்து உடன்பாடன்று. எழுத்தும் அட்டையும் ரப்பரும் ஒவ்வொரு நாளும் வேறு வேறாக வருகின்றன. அவற்றோடு தகட்டை இணக்குவது தொழிலில் ஓர் அங்கம். வருத்தமெல்லாம், டிரெடில் மெஷின்மேன்கள் இரண்டு மூன்று தலைமுறையாகச் சேர்த்துவைத்த இந்த ஞானத்தைத் தமிழில் முறையாக எழுதிவைக்க நாம் முயலவில்லை என்பதே. ஈய எழுத்து மறைந்தபோது அவர்களுடைய அநுபவமும் பழைய இரும்போடு சேர்த்து எடைக்குப் போய்விட்டதென்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கின்றனர்.

ஆனால் அது முழுவதும் போய்விடவில்லை. சிவகாசிப் பக்கம் சென்றால், எழுத்தை இழந்த டிரெடில்களும் அவற்றின் பெரிய வாரிசுகளும் அட்டைவெட்டும் வேலையில் இருப்பதைக் காணலாம். மரப்பலகையில் பதித்த எஃகுக் கத்தி எழுத்தின் ஸ்தானத்தில் நிற்கிறது. தகடு அதே தகடு. சென்ற ஆண்டு அங்கே ஒரு சிறிய கூடத்தில் வயதான தொழிலாளி ஒருவர் புதுக் கத்தியை ஏற்றி முதல் அட்டையை ஓட்டுவதைப் பார்த்தேன். மூன்று பக்கம் துண்டித்திருந்தது. ஒரு மூலையில் மட்டும் வெட்டு விழாமல் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அட்டையைத் திருப்பி, அதன் முதுகை வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். பிறகு பென்சிலால் ஒரு வளையமிட்டு, மெல்லிய காகித டேப்பைக் கத்தியின் நீளத்துக்குக் கிழித்து, தகட்டின் மேலிருந்த தாளில் அந்த இடத்தில் ஒட்டி, கட்டைவிரலால் ஒருமுறை நீவிவிட்டார். அடுத்த அட்டை நான்கு பக்கமும் விடுபட்டு வந்தது.